ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு நடக்கப் போகாதீர்கள்

போன சித்திரையில் என் அக்கா மகன் கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு கடைக்குள் வந்தான். உள்ளே புது ஓட்டக் காலணி. கல்லாப்பெட்டி மேல் வைத்து நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் படம் எடுத்து, 'நாளை முதல்' என்று எழுதி, இன்டர்நெட் கிடைத்த நேரம் பார்த்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டான். காலணியை ஒருமுறைகூட மாட்டிப் பார்க்கவில்லை. இப்போது அந்தப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. பூனை அதில் மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஆகவே காசு முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது.

அவனைப் பார்த்துச் சிரிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதெல்லாம் நான் ஆடி முடித்த ஆட்டம். அதனால்தான், புதுப் பழக்கம் தொடங்கப் போகிறவர்கள் செய்கிற தப்புகளை எழுதுகிறேன். அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பது, ராத்திரி ஒரு மணி வரை போனை நோண்டுவது இதையெல்லாம் தொடப் போவதில்லை, அதை உங்கள் அம்மாவே ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

புத்தாண்டு வரட்டும் என்று உட்கார்ந்திருப்பது

என்னைப்போல ரங்கூனில் இருக்கிற தமிழனுக்கு இதில் வசதி அதிகம். ஜனவரி 1 தவறினால் ஏப்ரல் 14இல் சித்திரை ஒன்று. அன்றைக்கு வடை பாயசம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டால் பரவாயில்லை, தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு பர்மியப் புத்தாண்டு வந்துவிடும். ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை புது மனிதனாகலாம். ஆனால் ஏப்ரல் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிற மாதம். அதைத் தாங்கி ஒரு மாதம் ஓட்டினால் மே நடுவில் மழை பிடித்துக்கொள்ளும், அக்டோபர் வரை விடாது. ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, சென்னையில் பெய்வதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏப்ரலில் எடுத்த சபதம் ஜூனில் குடைக்குள் நனைந்து செத்துப்போகும். நான் உருப்படியாகத் தொடங்கியது ஒரு ஆகஸ்ட் மாதம், கொட்டுகிற மழையில். அதற்குப் பிறகு சாக்குச் சொல்ல எந்தப் பருவமும் மிச்சமில்லை.

கரண்ட் வரட்டும் என்பது

வந்தால் தண்ணீர் மோட்டார் போடப் போய்விடுவீர்கள்.

21 நாள் கணக்கு

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 1960இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், மாறிப்போன முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். அந்தக் 'குறைந்தது' எங்கோ வழியில் விழுந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கணக்கில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை போகிறது. நான் நிச்சயம் அந்த 254 பக்கத்து ஆள். இடையில் ஒருநாள் விட்டால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. 22ஆம் நாள் காலை எழுந்திருக்கப் பிடிக்கவில்லையே, நான் லாயக்கில்லாதவனோ என்று குமைகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

கைலி கட்டிக்கொண்டு ஓடுவது

வேண்டாம்.

தொடங்கும் முன்பே ஊருக்குச் சொல்வது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊர் டீக்கடை தெரியும்தானே. தாழ்வான மேசை, குட்டி ஸ்டூல், மேசைக்கு மேசை வெறும் சாயத்தண்ணீர் ஃபிளாஸ்க். அது இலவசம். ஒரே ஒரு பால் டீயைச் சொல்லிவிட்டு அந்தச் சாயத்தண்ணீரிலேயே மூன்று மணி நேரம் ஓட்டலாம், ஓட்டினோம். அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எட்டுப் பேர் நடுவில் நான் வாயைத் திறந்தேன். திங்கள் முதல் ஒரு மாதம், தினமும் கண்டோஜி ஏரியை முழுசாக ஒரு சுற்று, ஏறக்குறைய ஐந்து மைல். ஒருநாள் விட்டாலும் எல்லாருக்கும் ஆட்டுக்கறி பிரியாணி. ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். "அண்ணன் முகத்துல இப்பவே ஒரு களை வந்துடுச்சு" என்றான் ஒருத்தன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தொப்பை கொஞ்சம் இறங்கின மாதிரியே இருந்தது.

திங்கள் நடந்தேன். செவ்வாய் மரப்பாலத்தில் பாதி தூரம் போய், பறவை வடிவத்தில் பொன் நிறத்தில் மிதக்கிற மாதிரி நிற்கிற அந்தக் கரவெயிக் மண்டபத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். புதன் தூறல். வியாழன் ஒரு காரணமும் இல்லை, போகவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் உண்மையான நடை ஆரம்பித்தது. டீக்கடை வழியாகப் போகக்கூடாதே. வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற குப்பைச் சந்துகளில் புகுந்து, இரண்டு தெரு தாண்டிச் சுற்றி, கடைக்குப் போய் வந்தேன். அவர்களுக்குப் பயந்து நடந்த தூரத்தை ஏரியைச் சுற்றி நடந்திருந்தால் பிரியாணியே மிச்சமாகியிருக்கும். பன்னிரண்டாம் நாள் ஏதோ ஞாபகத்தில் பழைய வழியில் போய்விட்டேன். டீக்கடைப் பையன்களைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிற மாதிரி 'உச் உச்' என்பார்களே, அந்தச் சத்தம் கேட்டது. பழக்கதோஷம், திரும்பிவிட்டேன். எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பிரியாணிக்கு அந்த மாதக் கடை வாடகையில் கை வைக்க வேண்டியிருந்தது. எட்டுப் பேர் என்றுதான் பேச்சு, இரண்டு பேர் பிள்ளைகளையும் கூட்டி வந்தார்கள். அதுகூடப் போகட்டும். இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டு ஒருத்தன் சொன்னான்: "கறி கொஞ்சம் கம்மிதான்." அவனைக் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சாமி மறந்துபோகிறது.

வேலைக்கு முன்னாலேயே கூலி வாங்கினவன் வேலைக்கு வருவானா? நான் வாங்கிவிட்டேன், அந்த முதுகுத் தட்டல்தான் கூலி. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட சோதனைகளிலும் இதுதான் தெரிந்தது. இன்னாராக ஆகப் போகிறேன் என்ற எண்ணத்தை அடுத்தவர் பார்த்துத் தலையாட்டிவிட்டால், அதற்காக உழைப்பது குறைகிறது, பாதி ஆகிவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. எனக்கு வந்த தொப்பை நினைப்பு அந்த வகைதான்.

அப்படியென்றால் தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறவர்கள் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ரொம்ப நாள் யோசித்தேன். அதுவும் ஊரறிய நடப்பதுதான். மூன்று நாள் நடைக்குத் துப்பில்லாத ஆள், மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் கவிச்சி தொடாமல் விரத நாள் முழுக்க ஓட்டிவிடுகிறான். காப்புக் கட்டின அன்று யாரும் அவன் முதுகில் தட்டுவதில்லை, 'டேய், மீன் தின்னியா' என்று மோப்பம்தான் பிடிப்பார்கள். பாராட்டெல்லாம் குண்டத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு.

ஆகஸ்டில் மறுபடி தொடங்கியபோது என் வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். "சரி, வரும்போது மொஹிங்கா வாங்கிட்டு வாங்க, நல்ல கடை ஏரிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு" என்று தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்தாள். மீன்குழம்பு ஊற்றின நூடுல்ஸ்தான் மொஹிங்கா. நான் போகாத அன்று வீட்டில் நாலு பேருக்குக் காலைப் பலகாரம் இல்லை. மழையாவது இடியாவது.

அடுத்தவன் கடிகாரம்

சென்னையில் இருக்கிற சித்தப்பா மகன் தினமும் காலை 5 மணிக்கு 'எழுந்துவிட்டேன்' என்று செய்தி அனுப்புவான். அப்போது இங்கே 6 மணி. ஒரு வருஷம் அவனைப் பார்த்துக் குற்ற உணர்ச்சியில் கிடந்தேன்.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். பேசத் தெரிந்த தமிழை எழுதவும் கற்றுக்கொள்ளப் போகிறானாம். போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் வந்து, கதவைச் சாத்தி, மெல்லிய குரலில், "மாமா, இந்தத் தடவை யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்ட மட்டும்தான்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் டீ குடிக்கப் போனேன். ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை, "என்னங்க, மருமகப்பிள்ளை தமிழ் எழுதப் படிக்குதாமே" என்றார் டீக்கடைக்காரர்.