அப்பன் மீன்மேல் பழி போடாதீர்கள்: கௌராமி குஞ்சு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூரில் ஒரு வளர்ப்பு மீன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன் போனில் தன் கௌராமி மீன்களின் படம் காட்டிக் கடைக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தான். "நுரைக்கூடு கட்டுச்சுண்ணா, முட்டை போட்டுச்சு, பொரிச்சுடுச்சு. முந்நூறு நானூறு குட்டி இருக்கும். ஒரே வாரத்துல எல்லாம் காலி. ஆம்பள மீனு தின்னுடுச்சு." கடைக்காரர் பாவமாகத் தலையாட்டினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தீனி என்னப்பா போட்ட?"

"மஞ்சக்கருண்ணா."

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஓர் இரண்டடித் தொட்டி இருந்தது. பல வருடங்களுக்கு முன் அதில் நான் செய்ததும் அச்சு அசல் இதேதான். நானும் ஆண் மீனைத்தான் திட்டினேன்.

ஆண் எது பெண் எது, மெட்ரோ வாட்டரைப் பிடித்தவுடன் ஊற்றக்கூடாது என்பதெல்லாம் எந்தக் கடையிலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் பேசுவது நீலக் கௌராமி, பேர்ல், ட்வார்ஃப், ஹனி என்று, ஆண் மீன் தண்ணீர்ப் பரப்பில் குமிழி விட்டு நுரைக்கூடு கட்டும் வகைகளைப் பற்றி. கிஸ்ஸிங் கௌராமி கூடே கட்டாது, முட்டையை அப்படியே மிதக்க விட்டுவிடும். அது கூடு கட்டும் என்று ஒரு மாதம் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

குஞ்சு பொரித்த பிறகு தீனி தேடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். நம் ஊர்த் தண்ணீர் 28 டிகிரி பக்கம் இருக்கும்போது நீலக் கௌராமி முட்டை ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். அடுத்த இரண்டு மூன்று நாள் குஞ்சு கூட்டிலேயே தொங்கிக்கொண்டு, வயிற்றில் இருக்கும் மஞ்சள்கருப் பையைக் கரைத்துச் சாப்பிடும். அது தீர்ந்ததும் கிடைமட்டமாக நீந்த ஆரம்பிக்கும். அந்த நிமிடத்திலிருந்து பசி. உடம்பு 3 மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கும், வாய் கண்ணுக்கே தெரியாது. அன்று பொரித்த ஆர்டீமியா (மீன் குஞ்சுக்குத் தீனியாகப் போடும் பொடி உப்புநீர் இறால்) 0.4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், அந்த வாயில் நுழையாது. நுழையக்கூடியவை பரமீசியம் மாதிரியான நுண்ணுயிர்கள்தான். பொதுவாக எல்லோரும் இன்ஃப்யூசோரியா என்பார்கள்.

அதைத் தயார் செய்ய ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். முட்டையைப் பார்த்த பிறகு பாட்டிலைக் கழுவ ஆரம்பித்தால், பந்தியில் ஆளை உட்கார வைத்துவிட்டு நெல் அரைக்கப் போன கதைதான். ஜோடியைத் தொட்டியில் விடும் முன்பே பாட்டில் தயாராக இருக்க வேண்டும்.

பட்டினியில் சாகும் குஞ்சு செத்ததே தெரியாது. இதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். நீந்தத் தொடங்கிய முதல் நாள் தொட்டியே மினுமினுக்கும். மூன்றாம் நாள் கூட்டம் கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கும். ஐந்தாம் நாள் மூலையில் பத்துப் பதினைந்து, தலை மட்டும் பெரிதாகவும் வயிறு உள்ளே ஒட்டியும் நிற்கும். பிணம் கிடக்காது, அவ்வளவு சின்ன உடம்பு தண்ணீரிலேயே கரைந்துவிடும். பிணம் இல்லை என்றதும் பழி அப்பன்மேல். இல்லையென்றால் தண்ணீர்மேல், அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்கா கண் பட்டுவிட்டது. ஒரு கட்டத்துக்கு மேல் பட்டினி கிடந்த குஞ்சுக்கு மூக்கு முன்னால் தீனியைக் கொண்டுபோய் விட்டாலும் எடுக்கத் தெம்பு இருக்காது.

"கொளத்தூர் பண்ணைக்காரரே மஞ்சக்கரு போதும்னு சொன்னாரே" என்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பேசுவது வெயிலில் கிடக்கும் சிமென்ட் தொட்டியைப் பற்றி. சுவரெல்லாம் பாசி, தண்ணீர் பச்சை, அதில் நுண்ணுயிர் ஏற்கெனவே கோடிக்கணக்கில். குஞ்சு அதைத் தின்றுதான் வளர்கிறது, மஞ்சள் கரு துணைக்கு. உங்கள் வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டி பளிச்சென்று துடைத்து வைத்தது. அதில் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினால் முக்கால்வாசி அடியில் படிந்து அழுகும். அம்மோனியா ஏறும். பசியில் தப்பியது அதில் போகும். நான் முதல் தடவை தினமும் அரை மஞ்சள் கரு போட்டேன். நான்காம் நாள் தண்ணீர் கஞ்சி மாதிரி ஆகி, வீட்டுக்குள் நுழைந்தாலே நாறியது.

சரி, பாட்டில் எப்படி? வாய் அகன்ற ஒரு லிட்டர் பாட்டிலில் பழைய தொட்டித் தண்ணீர், அதில் வேகவைத்த முட்டைக்கோஸ் இலை ஒரு துண்டு, அல்லது விரல் நீள வாழைப்பழத் தோல். நேர் வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். இரண்டாம் மூன்றாம் நாள் பால் மாதிரி வெளுத்து நாறும். இந்தக் கட்டத்தில் எடுத்து ஊற்றிவிடாதீர்கள், அது வெறும் பாக்டீரியா. அதைத் தின்று நுண்ணுயிர் பெருகப் பெருக, ஐந்து ஆறு நாளில் தண்ணீர் தெளியும், நாற்றம் குறையும். அப்போது பாட்டிலுக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் பிடித்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் தூசி தெரியும். தூசி என்றால் ஒரே பக்கம் மிதக்கும், இது அங்குமிங்கும் வெட்டி வெட்டி ஓடும். ஓடினால் தயார். தெளிந்த பகுதியில் மட்டும் எடுத்து, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

ஒரு பாட்டில் போதாது. இரண்டு நாள் இடைவெளியில் மூன்று போடுங்கள். வாயில் மெல்லிய துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் கொசுப் புழு வந்துவிடும். அப்புறம் மாநகராட்சியிலிருந்து கொசு பார்க்க வருபவரிடம் நீங்கள் முட்டைக்கோஸ் ஊறவைத்த கதையை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். முக்கியமாக, வீட்டில் சொல்லிவிடுங்கள். என் இரண்டாவது தடவை பாட்டில் எல்லாம் சரியாக வந்தது. தெளிந்த அன்று காலையில்தான் "என்னடா நாத்தம் இது" என்று அம்மா சிங்க்கில் கொட்டிவிட்டு, பாட்டிலைத் தேய்த்துக் கவிழ்த்தும் வைத்திருந்தார்.

ஏறக்குறைய ஒரு வாரம் இப்படிப் போனால் ஆர்டீமியாவுக்கு மாறலாம். சட்டென்று மாற்றாமல் இரண்டையும் சில நாள் சேர்த்துக் கொடுங்கள், எல்லாக் குஞ்சும் ஒரே வேகத்தில் வளராது. தின்றதா என்பதற்குச் சாட்சி வயிறுதான். ஆர்டீமியா உள்ளே போன குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாகத் தெரியும். எனக்கு அதை முதல் முதலாகப் பார்த்த சாயங்காலம் இன்னும் நினைவிருக்கிறது, டார்ச்சும் கையுமாக எதிர்வீட்டுக்காரரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆண் மீனை அவசரப்பட்டு எடுப்பது

கூட்டிலிருந்து நழுவி விழும் முட்டையையும் குஞ்சையும் ஆண் வாயால் கவ்விக் கொண்டுபோய் மறுபடி நுரையில் துப்பும். கவ்வுவதை மட்டும் பார்த்துவிட்டு "தின்னுது, தின்னுது" என்று வலையை எடுத்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் பொறுத்தால் துப்புவதையும் பார்க்கலாம். குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கும் அன்று எடுத்தால் போதும். அதற்குமேல் விட்டால் தின்னும், அது வேறு விஷயம். தொட்டியை ஆட்டுவது, லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பது, பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டுவது என்று தொந்தரவு செய்தால் முட்டையையே தின்றுவிடும்.

பெண் மீனை விட்டுவைப்பது

முட்டையிட்டு முடிந்ததும் எடுங்கள். கூட்டைக் காக்கும் ஆண் துரத்தித் துரத்தித் துடுப்பு கிழிந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

மூடியைத் திறந்து போடுவது

பெரிய கௌராமி மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும், பம்ப் நின்றாலும் சமாளிக்கும். குஞ்சுக்கு, காற்றைக் குடிக்க உதவும் அந்த உறுப்பு முளைக்கவே மூன்று நாலு வாரத்துக்கு மேலாகும். அதுவரை செவுள் மட்டும்தான், ஆகவே கரண்ட் போனால் அதற்கு ஆபத்து. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். அப்புறம் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தொடங்கும் வாரங்களில் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். "சென்னையில என்ன குளிர்" என்று கேட்பவர் ஏசி அறையில் தொட்டியை வைத்திருப்பார். மார்கழி விடியற்காலையும் அதே வேலையைச் செய்யும். நன்றாக மூடுங்கள்.

பவர் ஃபில்டர்

குஞ்சை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதுவும் மெதுவாக.

ஏரிச் செடி

மிதக்கும் செடி நல்லதுதான், கூடு அதில் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரெட்டேரி, புழல் பக்கம் போய் ஆகாயத்தாமரையை அள்ளிக்கொண்டு வந்து அப்படியே போட்டால், வேரில் தட்டான் புழு ஒட்டிக்கொண்டு வரும். ஒன்று போதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துத் தின்னும். தனி வாளியில் ஒரு வாரம் போட்டுப் பார்த்து, வேரை அலசிவிட்டுப் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாக வளர்ப்பது

ஒரு மாதத்தில் சில குஞ்சுகள் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வளர்ந்து நிற்கும். பெரியது சின்னதைத் தின்னும். சின்ன டப்பாவால் மொண்டு பிரியுங்கள், வலை போட்டால் நசுங்கும்.

கடைக்குக் கொண்டுபோவது

ஒரு அங்குலம்கூட ஆகாததைப் பையில் கட்டிக்கொண்டு கொளத்தூருக்குப் போகாதீர்கள். "வளத்து எடுத்துட்டு வா தம்பி" என்று பையைக் கையில் வாங்காமலே அனுப்பிவிடுவார்கள்.