அப்பா ஐசியுவில் இருக்கும்போது, வெளியே இருப்பவர்களுக்கு

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஃபோனில் குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஃபோன் அதன் சொந்தக்காரரோடு போய்விடும்; நோட்டு மட்டும்தான் அடுத்து உட்காருபவர் கைக்கு வரும். எங்கள் அப்பா வென்டிலேட்டரில் இருந்தபோது அண்ணன், நான், தங்கை மூவரும் முறை வைத்து வெளியே இருந்தோம். டாக்டர் ஒருவரிடம் சொன்னது அடுத்தவர் காதுக்குப் போவதற்குள் மாறிவிடும். அண்ணனுக்கு நல்ல செய்தி மட்டும் நினைவிருக்கும், தங்கைக்குக் கெட்ட செய்தி மட்டும். தேதி, நேரம், பேசியவர் யார், என்ன சொன்னார், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எழுதினால் போதும். முடிந்தால் அன்றைக்கு அப்பா கண் திறந்தாரா, யார் வந்து பார்த்தார்கள் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். தேறி வருபவர்களுக்கு அந்த நாட்கள் பெரும்பாலும் நினைவில் இருக்காது. பிறகு அவராகவே கேட்பார், அப்போது படித்துக்காட்டலாம்.

டாக்டரிடம் பேச ஒருவர் போதும். நிதானமாகக் கேட்கக்கூடியவராக இருக்கட்டும், மூத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்து வரும் ரவுண்ட்ஸ் எப்போது முடியும், குடும்பத்தாரிடம் யார் பேசுவார்கள் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவரே சாயங்காலம் ஒரு மெசேஜ் அனுப்பிவிடட்டும். நர்ஸ்கள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கதவைத் தட்ட வேண்டாம். ஒருவர் மற்றவரிடம் நோயாளியை ஒப்படைக்கும் அந்தச் சில நிமிடங்கள் உங்கள் அப்பாவுக்கு மிக முக்கியமானவை.

"எப்படி இருக்கார்?" என்று கேட்டால் "அப்படியேதான் இருக்கார்" என்றுதான் பதில் வரும். நேற்றைவிட இன்று எது தேறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது, அடுத்த 24 மணி நேரத்தில் எதைக் கவனிக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். இதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொரு எண்ணையும் எவ்வளவு உதவி தாங்கிப் பிடிக்கிறது என்று கேளுங்கள். மானிட்டரில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் 95 என்று காட்டும். நாம் சாதாரணமாகச் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்; வென்டிலேட்டரால் அதை 100 வரை ஏற்ற முடியும். 80 சதவீதம் கொடுத்து 95 வருவதும் 40 கொடுத்து 95 வருவதும் ஒன்றல்ல. பிபியும் இப்படித்தான். எண் நேற்று இருந்ததுபோலவே இருக்கும், ஆனால் பிபியைத் தூக்கி நிறுத்தும் நார்அட்ரினலின் மருந்தின் அளவு பாதியாகக் குறைந்திருக்கும். அது முன்னேற்றம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாததால் எத்தனையோ குடும்பங்கள் "ஒரு மாற்றமும் இல்லை" என்று உடைந்து போகின்றன. சிறுநீர் மணிக்கு எவ்வளவு போகிறது, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மூச்சு, ரத்த ஓட்டம், சிறுநீரகம், நினைவு நான்கும் ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும்.

அலாரம் அடித்தால் பதறாதீர்கள். விரலில் மாட்டிய கிளிப் நழுவினாலும் அடிக்கும், அவர் இருமினாலும் அடிக்கும். நர்ஸ் முகத்தைப் பாருங்கள், விஷயம் பெரிதா சிறிதா என்று தெரிந்துவிடும்.

உள்ளே போக அனுமதிக்கும் நேரம் கொஞ்சம்தான். கையைச் சுத்தம் செய்துகொண்டு நேராக அவர் முகத்துக்கு அருகே போங்கள். மயக்க மருந்தில் இருந்தாலும் யார் வந்திருக்கிறோம், இன்று என்ன கிழமை, காலையா மாலையா என்று சொல்லுங்கள். கேட்கிறதா இல்லையா என்று ஆராய வேண்டாம், கேட்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். அவர் முன்னால் நின்று அவர் நிலைமையை விவாதிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

அதைவிடப் பெரிய வேலை, இவர் எப்படிப்பட்டவர் என்பதை அங்கிருப்பவர்களுக்குச் சொல்வது. எங்கள் அப்பாவுக்கு வலது காது அறவே கேட்காது. மயக்க மருந்தைக் குறைத்த நாளில் நர்ஸ் கட்டிலின் வலப்பக்கம் நின்று, "ஐயா, என் கையை அழுத்துங்க" என்று பலமுறை சொல்லியும் அசைவில்லை. தங்கை இடப்பக்கம் சுற்றிப் போய்க் குனிந்து அதையே சொன்னாள். அப்பா அழுத்தினார். அவள் விட்ட பிறகும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நினைவின் அளவைக் கணக்கிட ஐசியுவில் பயன்படும் கிளாஸ்கோ அளவுகோல் 3-இலிருந்து 15 வரை போகும். சொன்னதைச் செய்கிறாரா என்பதும் அதில் ஒரு பகுதி. காது கேட்காதவர் குறைவான மதிப்பெண் வாங்கிவிடக் கூடாதல்லவா? ஆகவே காது, கண்ணாடி, பல்செட், இடதுகைப் பழக்கம், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்புவார் என்பதையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலருகே ஒட்டச் சொல்லுங்கள்.

வென்டிலேட்டரிலிருந்து வாய்வழியாக உள்ளே போகும் மூச்சுக் குழாய் குரல் நாண்களுக்கு நடுவே போவதால் அவருக்குக் குரல் வராது. இதை அவரிடமே சொல்லுங்கள். குரல் போய்விட்டதென்று பயந்து போயிருப்பார். எழுத்து அட்டையைக் காட்டிச் சுட்டச் சொல்வது நம் மொழியில் சரிப்படாது, 247 எழுத்துகளில் தேடுவதற்குள் களைத்துவிடுவார். வலி, தாகம், சளி, திருப்பிப் படுக்க வை, பயமாக இருக்கிறது, அம்மா எங்கே என்று வார்த்தைகளாக எழுதிக் காட்டுங்கள். ஆம் என்றால் ஒரு அழுத்தல், இல்லை என்றால் இரண்டு.

சில நாட்களில் அவர் சம்பந்தமில்லாமல் நடந்துகொள்ளலாம், சுவரில் ஆள் நிற்பதாகச் சைகை காட்டலாம், குழாயைப் பிடுங்கப் பார்க்கலாம். டெலிரியம் என்பார்கள். நோய், மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வருவது. ஐசியுவில் அடிக்கடி பார்க்கக்கூடியது, பெரும்பாலும் தணிந்துவிடும். அப்பாவுக்குப் புத்தி போய்விட்டதென்று முடிவு கட்டாதீர்கள். வாதாடவும் வேண்டாம். கண்ணாடியை மாட்டிவிட்டு, எங்கே இருக்கிறார் என்று மெதுவாகச் சொல்லுங்கள். கையைக் கட்டியிருந்தால், நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரமாவது அவிழ்க்கலாமா என்று கேளுங்கள்.

முறை விஷயத்தில் கறாராக இருங்கள். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுவிட முடியாதவர்களுக்கு மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, இரவு பகலாகக் கையால் பையை அழுத்தி மூச்சு கொடுத்தார்கள். இன்றைய ஐசியு அதிலிருந்துதான் வளர்ந்தது. அங்கேயும் ஒருவர் அழுத்தும்போது இன்னொருவர் தூங்கியாக வேண்டும். ராத்திரி ஒருவர் போதும், மற்றவர்கள் வீட்டுக்குப் போகட்டும். அம்மாவின் மாத்திரைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தனியாக நியமியுங்கள். அப்பாவுக்கென்று ஓடும்போது அம்மாவின் பிபி மாத்திரையை யாரும் நினைப்பதில்லை.

அப்புறம், பேசப் பயப்படும் பேச்சு. குழாய் வைத்து ஒரு வாரம், பத்து நாள் ஆனால் கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி செய்யலாமா என்று கேட்கக்கூடும். டயாலிசிஸ் வரலாம். இதயம் நின்றால் மறுபடி இயக்க முயல வேண்டுமா என்றும் கேட்பார்கள். கையெழுத்துக் கேட்டு ஆள் வந்து நிற்கும்போது பேச ஆரம்பித்தால் சண்டைதான் வரும், முன்கூட்டியே உட்காருங்கள். எங்கள் அண்ணன் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்றான். தங்கைக்கு, பெரியப்பா நெடுநாள் படுக்கையில் கிடந்தபோது அப்பா சொன்னது நினைவிருந்தது: "மீண்டு வர வழி இருக்கும்வரை பாருங்க. இல்லேன்னா இழுக்காதீங்க." அதற்குப் பிறகு யார் அதிகப் பாசம் உள்ளவர் என்ற கேள்வியே எழவில்லை, அப்பா என்ன சொல்வார் என்பது மட்டும்தான் பேச்சாக இருந்தது. அதையே டாக்டரிடமும் சொன்னோம். உங்கள் அப்பா எப்போதாவது இப்படிச் சொல்லியிருக்கிறாரா என்று அம்மாவிடம் முதலில் கேளுங்கள். யாருக்கும் தெரியாவிட்டால், இந்தச் சிகிச்சையால் அவர் எந்த நிலைக்குத் திரும்ப வாய்ப்பிருக்கிறது, அந்த நிலையை அவர் ஏற்பாரா என்று டாக்டரோடு சேர்ந்து யோசியுங்கள்.

தேறி வார்டுக்கு மாற்றினால் எல்லோரும் மூச்சுவிட்டு வீட்டுக்குக் கிளம்பத் தோன்றும். அன்றைக்கு ராத்திரிதான் பக்கத்தில் ஆள் கட்டாயம் வேண்டும். ஐசியுவில் ஓரிருவருக்கு ஒரு நர்ஸ் இருந்திருப்பார், வார்டில் பல பேருக்கு ஒருவர். தசைகள் வற்றிப் போயிருக்கும், நிற்க முடியும் என்று நினைத்துத் தானே எழுந்து விழுந்துவிடுவார். கண்ணாடியும் கூப்பிடும் மணியும் அவர் கைக்கு எட்டுகிற பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.