டெப்த் எண்ணை வைத்து செஸ் எஞ்சினை எடைபோடாதீர்கள்

செஸ் எஞ்சின் என்பது நல்ல நகர்த்தலைத் தேடித் தரும் மென்பொருள்; எத்தனை நகர்த்தல் முன்னோக்கித் தேடுகிறது என்று அது காட்டும் எண்தான் டெப்த். பலகையின் ஒரே நிலையை ஸ்டாக்ஃபிஷ், லீலா என்ற இரண்டு எஞ்சின்களிலும் ஓட்டினால், ஸ்டாக்ஃபிஷ் சீக்கிரமே டெப்த் 30ஐத் தாண்டும். லீலா வெகுவாகப் பின்தங்கித் தெரியும். அதனால் லீலா மட்டம் என்று நினைக்காதீர்கள். ஸ்டாக்ஃபிஷ் எல்லா நகர்த்தலையும் 30 வரை பார்ப்பதில்லை. தேறாது என்று படும் கிளைகளைப் பாதியிலேயே வெட்டிவிடும். லீலா காட்டுவதோ தேடிய கிளைகளின் சராசரி ஆழம். இரண்டும் வேறு வேறு அளவுகோல். ஸ்டாக்ஃபிஷின் பழைய, புதிய பதிப்புகளுக்குள்ளேகூட வெட்டும் முறை மாறியிருப்பதால் ஒன்றின் டெப்த் 25க்கு இன்னொன்றின் 25 சமமில்லை.

சரி, எப்படி ஒப்பிடுவது? ஒரே கணினியில் இரண்டுக்கும் தலா 60 விநாடி கொடுங்கள். மல்டிபிவியை (எத்தனை சிறந்த வரிசைகளைக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு) 1இல் வையுங்கள், கூட்டினால் தேடல் மெதுவாகும். அப்புறம், ஒவ்வொரு எஞ்சினும் எந்த நகர்த்தலில் நிலைத்து நிற்கிறது என்று கவனியுங்கள். டெப்த் 24/35 என்று காட்டினால், 24தான் டெப்த்; 35 என்பது தேடல் எட்டிய மிக நீண்ட வரிசை மட்டுமே.