பிரஷர் மாத்திரையை ஒதுக்கிவிட்டு வைட்டமின் டப்பாவை நம்பாதீர்கள்

பிரிக்பீல்ட்ஸானாலும் சரி, பட்டர்வொர்த்தானாலும் சரி, நம் வீடுகளில் இதைப் பார்க்கலாம். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த பிரஷர் மாத்திரை பையைவிட்டு வெளியே வந்திருக்காது. 'இரத்தக் குழாயைக் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட்' (ஆக்சிஜன் சேதத்தைத் தடுக்கும் சத்து) என்று தெரிந்தவர் யாரோ விற்ற வைட்டமின் டப்பா மட்டும் தினமும் திறக்கப்படும். மலேசியாவில் பெரியவர்களில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. அதனால்தான் இந்தப் பழக்கம் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. குழாய் தளர்ந்து விரிய அது வேண்டும். ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் குழாயை இறுக்குவதோடு நிற்காது; சுவரிலுள்ள ஒரு நொதியைத் தூண்டிவிட்டு, சூப்பர்ஆக்சைடு என்ற தீவிர ஆக்சிஜனை உண்டாக்கும். அது நைட்ரிக் ஆக்சைடை அழித்துவிடும். குழாய் விறைக்கும், சுவர் புண்படும், கொழுப்பு படிய வழி பிறக்கும். பெரிண்டோபிரில், எனலாபிரில் போன்றவை அந்த ஹார்மோன் உருவாவதையே குறைக்கின்றன. லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் அது வேலை செய்யும் வாசலை அடைக்கின்றன. சேதம் கிளம்பும் இடத்திலேயே இவை கை வைக்கின்றன.

வைட்டமின் டப்பா அப்படிச் செய்வதில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஹோப் ஆய்வு, பெரிண்டோபிரில் வகையைச் சேர்ந்த ராமிபிரில், ஆன்டிஆக்சிடன்டான வைட்டமின் இ இரண்டையும் ஒரே கூட்டத்தில் சோதித்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து அதிகமுள்ள 9,000-க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்த்து, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17.8 சதவீதம், ராமிபிரில் எடுத்தவர்களில் 14 சதவீதம். வைட்டமின் இ எந்தப் பலனும் தரவில்லை.

அம்லோடிபின் இந்த ஹார்மோன் வழியில் வேலை செய்யாத வேறு வகை பிரஷர் மாத்திரை. இதைப் படித்துவிட்டு, "என் அம்லோடிபின் வேண்டாம், ராமிபிரில் மாதிரி மாத்திரையைக் கொடுங்கள்" என்று டாக்டரிடம் போய் நிற்பதும் தவறுதான். அந்த மாத்திரைகள் ஆக்சிஜன் சேதத்தைத் தடுப்பது ஆய்வகத்தில் நன்றாகத் தெரிகிறது. ஆனால் நமக்குக் கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு அழுத்தம் குறைவதால் வருவது. அம்லோடிபின் அதை நன்றாகவே செய்கிறது.

அடுத்தது இருமல். பெரிண்டோபிரில் வகை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும், ஆசியர்களிடம் இது கூடுதல். பலர் வாயே திறக்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் லோசார்ட்டன் வகைக்கு மாற்றித் தருவார், இருமலும் போய்விடும். இரத்த அழுத்த அளவு சரியாக வந்துவிட்டது என்று நிறுத்துவதும் இதே கதைதான்: மாத்திரை வேலை செய்வதால்தான் அளவு சரியாக இருக்கிறது.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குவது அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் தாக்கும். 'உப்பு குறைந்த உப்பு' பாக்கெட்டில் பொட்டாசியம் இருக்கலாம். பெரிண்டோபிரில் வகை, லோசார்ட்டன் வகை மாத்திரைகளோடு சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். கர்ப்பமானாலோ, கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த இரண்டு வகையும் கருவுக்குக் கெடுதல். அப்புறம், சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தப் பரிசோதனை என்று கிளினிக்கில் தேதி கொடுத்தால் அதைத் தவறவிடாதீர்கள்.