பவளத்திட்டிலும் கெல்ப் காட்டிலும் உயிரினக் கணக்கெடுப்பு நடத்தும் முறை

பவளத்திட்டுகள் வெப்பக் கடல்களில் ஒளி எட்டும் ஆழத்தில் வளர்கின்றன. கெல்ப் எனப்படும் பெரும்பழுப்புப் பாசிகளின் காடுகள் குளிர்ந்த, ஊட்டச்சத்து மிகுந்த நீரில் பாறைகளைப் பற்றிக்கொண்டு எழுகின்றன. இரண்டிலும் ஒரு சில உயிரினங்கள் வாழிடத்தையே கட்டியெழுப்ப, ஏனையவை அதில் குடியிருக்கின்றன என்பதால், இவற்றைக் கணக்கெடுக்கும் முறைகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே உள்ளன. ஸ்கூபா முக்குளிப்பில் தேர்ச்சி பெற்று, முதன்முறையாகக் களக் கணக்கெடுப்பைத் திட்டமிடும் ஆய்வு மாணவரை மனத்தில் வைத்து இம்முறைகள் இங்கே விளக்கப்படுகின்றன.

நீரில் இறங்குவதற்கு முன், விடை காண வேண்டிய கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 'இந்தத் திட்டு எப்படி இருக்கிறது' என்பது கேள்வியாகாது. 'மீன்பிடி தடைசெய்யப்பட்ட பகுதிகளில் பாசி மேயும் மீன்களின் எடை, தடையில்லாத பகுதிகளைவிட அதிகமா' என்பதே கேள்வி. ஏனெனில் எத்தனை இடங்கள், எந்த ஆழம், எந்தப் பருவம் என்பவற்றையெல்லாம் கேள்வியே தீர்மானிக்கிறது. இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. தடைப் பகுதி ஒன்றிலும் திறந்த பகுதி ஒன்றிலும் ஆறு ஆறு கோடுகள் (அளவு நாடாவை விரித்து அதை ஒட்டி எண்ணும் தடங்கள்) போட்டுவிட்டு, ஆறு மாதிரிகள் இருப்பதாக எண்ணிக்கொள்வார்கள். கோடுகள் ஆறானாலும் ஒப்பிடப்படும் இடம் பக்கத்துக்கு ஒன்றுதான். அவ்விரு இடங்களுக்கிடையே இயல்பாகவே உள்ள வேறுபாட்டைத் தடையின் விளைவென்று கருதிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. இத்தகைய போலி மாதிரிகளின் சிக்கலைச் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் விரிவாக எடுத்துரைத்தார். கோடுகளைக் குறைத்தேனும் இடங்களைக் கூட்டுவதே நல்லது.

எவ்வளவு கால இடைவெளியில் மீண்டும் வர வேண்டும் என்பது உயிரினத்தின் வளர்ச்சி வேகத்தைப் பொறுத்தது. பாறாங்கல் போல் திரண்டு வளரும் போரைட்டீஸ் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். பெருங்கெல்ப்போ உகந்த சூழலில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேலும் நீளக்கூடியது. ஆகவே வெளிறலோ (வெப்பத்தால் பவளம் தன்னுள் வாழும் பாசிகளை இழந்து வெளுப்பது) புயலோ தாக்காத காலத்தில் பவளத்தை ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும். கெல்ப் காட்டில் அப்படி இயலாது. ஒரே ஆண்டில் வளர்ந்து மடியும் காளைக் கெல்ப்பைக் கோடையில் ஒரு முறையும் குளிர்காலத்தில் மறுமுறையும் எண்ணிவிட்டுக் காடு அழிந்ததென்று எழுதினால், அது பருவமாற்றத்தைப் பேரழிவென்று சொன்னதாகிவிடும். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே ஆழத்தில் எண்ண வேண்டும். கையில் கட்டிய முக்குளிப்புக் கணினி காட்டும் ஆழத்தை ஓதத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்பத் திருத்தி எழுதுவதும் அவசியம்.

களத்தில் மீன்களையே முதலில் எண்ண வேண்டும். அளவு நாடாவை விரிப்பதற்காக ஒருவர் முன்னே நீந்திப் போனால் கூச்சமுள்ள மீன்கள் விலகிவிடும், ஆர்வமுள்ளவை நெருங்கி வரும். இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். எனவே நாடாவை விரித்துக்கொண்டே எண்ணுவது நல்லது. 50 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட பட்டை, அதாவது 250 சதுர மீட்டர், பல கணக்கெடுப்புகளில் வழக்கமாக உள்ளது; கெல்ப் காட்டில் பார்வை எட்டும் தூரம் குறைவு என்பதால் 30 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள பட்டையும் பயன்படுகிறது. எதைத் தேர்ந்தாலும் பின்னர் மாற்றக்கூடாது. நீந்தும் வேகம் சீராக இருக்க வேண்டும். பின்னாலிருந்து முந்திச் செல்லும் மீன்களை எண்ணக்கூடாது. பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் சிறு மீன்களைத் திரும்பி வரும்போது, குறுகலான பட்டையில் தனியாகத் தேட வேண்டும்.

எண்ணிக்கையைவிட நீள மதிப்பீடே கடினம். முகமூடிக் கண்ணாடி வழியே பார்க்கும்போது நீருக்கடியில் எல்லாம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உள்ள தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதாகவும் தோன்றும். மீனின் எடை அதன் நீளத்தின் ஏறக்குறைய மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிக் கூடுவதால், 30 சென்டிமீட்டர் மீனை 33 என்று எழுதினாலே எடைக் கணக்கு மூன்றில் ஒரு பங்கு மிகைப்பட்டுவிடும். நீளம் தெரிந்த மரத்தகட்டு மீன்களை நீருக்கடியில் கட்டித் தொங்கவிட்டு, களப்பணிக்கு முந்தைய நாள்களில் குழுவினர் அனைவரும் மதிப்பிட்டுப் பழக வேண்டும். ஒரே பட்டையை இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுவதும் பயன் தரும். அனுபவசாலிகளிடையேகூட வியப்பூட்டும் அளவுக்கு வேறுபாடு வரலாம்.

அடித்தளத்தைக் கணக்கிடும்போது பவளத்திட்டில் நாடாவின் குறிப்பிட்ட புள்ளிகளுக்கு நேர்கீழே இருப்பது உயிருள்ள பவளமா, இறந்த பவளமா, பாசியா, மணலா என்று பதிவு செய்யலாம். அல்லது சதுரச் சட்டத்தை வைத்து நேர்மேலிருந்து படமெடுத்துப் பின்னர் கணினியில் புள்ளியிடலாம். புள்ளிகளின் எண்ணிக்கைக்கேற்பவே துல்லியம் அமையும்: நூறு புள்ளிகளில் 20 சதவீதம் பவளம் கிடைத்தால், புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டாலும், திட்டப்பிழை (தற்செயலால் மதிப்பீடு பொதுவாக விலகும் அளவு) 4 சதவீதப் புள்ளிகளாகும். அடுத்த ஆண்டு 17 சதவீதம் கிடைத்தால் பவளம் குறைந்தது என்று அந்த ஒரு கோட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கெல்ப் காட்டில் புள்ளிகளோடு தண்டுகளையும் எண்ண வேண்டும். பெருங்கெல்ப்பில் ஒரே பற்றுறுப்பிலிருந்து பல தண்டுகள் கிளம்புவதால், ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்த செடிகளையும், அடித்தளத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தண்டுகளையும் தனித்தனியே எண்ணுவது வழக்கம். (பாசியைச் செடி என்பது தாவரவியல்படி பிழைதான், களத்தில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.)

கடல் முள்ளெலிகளை (முட்கள் நிறைந்த உருண்டை உடல் கொண்ட, பாசி மேயும் கடலுயிர்களை) எண்ணும்போது அவை இருக்கும் இடத்தையும் குறிக்க வேண்டும். வளமான காட்டில் அவை பெரும்பாலும் இடுக்குகளில் அமர்ந்து, உதிர்ந்து வரும் கெல்ப் துண்டுகளைத் தின்கின்றன. உதிரி உணவு குறைந்தால் வெளியே வந்து நின்றிருக்கும் கெல்ப்பையே மேய்ந்து, சுண்ணாம்புப் பாசி மட்டும் படர்ந்த வெறும்பாறையாக்கிவிடுகின்றன. அப்படி வெறுமையான பின் காடு மீள வேண்டுமானால், முள்ளெலிகளின் அடர்த்தி, காட்டை அழிக்கத் தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு தாழ்ந்தாக வேண்டும். 2013 முதல் பரவிய உடுமீன் (நட்சத்திர மீன்) நலிவு நோயில் முள்ளெலிகளைத் தின்னும் சூரியகாந்தி உடுமீன் பெருமளவில் மடிந்ததும், 2014-16 கடல் வெப்ப அலையும் சேர்ந்தபோது, வட கலிபோர்னியக் கரையில் காளைக் கெல்ப்பின் மேற்கவிகை (நீர்ப்பரப்பில் படரும் இலைப்பரப்பு) 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கைகள் கையில் இருந்ததால்தான் இந்தக் காரணத் தொடரைப் பின்னோக்கிப் பிரித்தறிய முடிந்தது. எனவே தேடியும் காணாத இனத்துக்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் பூஜ்யம் என்று எழுத வேண்டும். காலிக் கட்டம் 'இல்லை' என்பதையும் சொல்லலாம், 'பார்க்கவில்லை' என்பதையும் சொல்லலாம்.

ஒவ்வோர் இடத்திலும் வெப்பப் பதிவுக் கருவியை அடித்தளத்தில் பொருத்திவிட வேண்டும். பவளத்தைப் பொறுத்தவரை, அவ்விடத்தின் மிக வெப்பமான மாதத்துச் சராசரியைவிட ஒரு செல்சியஸ் பாகை கூடினாலே வெப்ப அழுத்தம் தொடங்குகிறது. அவ்வெப்பமிகுதியைக் கடந்த 12 வாரங்களுக்குக் கூட்டிப் பார்க்கும் அளவீட்டில் (ஒரு பாகை மிகுதி ஒரு வாரம் நீடித்தால் ஒரு பாகை-வாரம்) 4 பாகை-வாரங்கள் என்பது கணிசமான வெளிறலையும், 8 என்பது கடும் வெளிறலையும் இறப்பையும் எதிர்பார்க்க வேண்டிய நிலை. மிதக்கும் கெல்ப் கவிகையை லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் 30 மீட்டர் துல்லியத்தில் 1984 வரை பின்னோக்கிப் பார்க்கலாம். அடியில் வளரும் இனங்கள் அவற்றில் தெரியா.

எண்ணிக்கை மட்டும் காரணத்தை நிறுவாது. சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் 1960களில் வாஷிங்டன் மாநிலக் கரைப் பாறைகளிலிருந்து உடுமீன்களைத் தொடர்ந்து அகற்றி, சிப்பிகள் பெருகி மற்ற இனங்களை நெருக்கித் தள்ளுவதைக் காட்டியது போல, எதையேனும் அகற்றியோ தடுத்தோ பார்க்க வேண்டும். மேய்வனவற்றைத் தடுக்கக் கூண்டு வைத்தால் அந்தக் கூண்டே ஒளியையும் நீரோட்டத்தையும் குறைக்கும் என்பதால், பக்கம் திறந்த அரைக்கூண்டுகளையும் கூண்டில்லாத திடல்களையும் அருகே வைத்து ஒப்பிட வேண்டும். இதற்கும் மாதிரி எடுப்பதற்கும் உரிய அனுமதி முன்கூட்டியே தேவை.

கெல்ப்பில் சிக்கினால் சுழன்று விடுபட முயலக்கூடாது; அசையாது நின்று, துணைவர் உதவியுடன் தண்டை மடித்து ஒடிக்க வேண்டும். கவிகைக்கு அடியில் மேலேறத் திறந்தவெளியைத் தேட நேரிடலாம் என்பதால் காற்றை வழக்கத்தைவிட அதிகமாகவே மிச்சம் வைக்க வேண்டும்.

கரை ஏறியதும் எழுதுபலகையை அழிப்பதற்கு முன் படமெடுத்துக்கொண்டு, அன்றிரவே எண்ணியவர் தாமே கணினியில் ஏற்ற, வேறொருவர் பலகைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். இனத்தில் ஐயம் இருந்தால் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். களைப்பில் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், பென்சிலால் எழுதியது 1ஆ 7ஆ என்பது எழுதியவருக்கே நினைவிராது.