தோலுக்குச் சேதி சொல்லும் கைப்பட்டை

காது கேளாதவர்களுக்கு நான் அதிர்வுக் கைப்பட்டை செய்து தருகிறேன். அழைப்பு மணி, குழந்தையின் அழுகை, அடுப்பு டைமர் ஆகிய மூன்றும் கைக்குத் தெரிந்துவிட்டால் ஒரு வீட்டுக்கு எவ்வளவு நிம்மதி!

செல்பேசிக்குள் இருக்கும் நாணய வடிவ அதிர்வு மோட்டார் இரண்டு, ஒரு ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை), எலாஸ்டிக் பட்டை ஆகியவையே முக்கியப் பொருள்கள். மோட்டாரை ஆர்டுயினோவின் இணைப்பு முனையில் (pin) நேரடியாக இணைக்காதீர்கள், மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அந்த முனை தாங்காது. நடுவில் சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டரும், மோட்டாரை நிறுத்தும்போது எழும் மின்னழுத்தத்திலிருந்து காக்க மோட்டாருக்குக் குறுக்கே டயோடும் வேண்டும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. இரண்டு புள்ளிகள் 2, 3 மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே விரல்நுனி பிரித்துவிடும். முன்கைக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் வேண்டும். அதிர்வோ தோலில் பரவவும் செய்யும். அதனால் ஒன்றை மணிக்கட்டை ஒட்டியும் இன்னொன்றை முழங்கையை ஒட்டியும் வையுங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் இடம் தெளிவாகத் தெரியும்; நடுக்கையில் குழம்பும்.

மணிக்கட்டில் இரண்டு குறும் அதிர்வு என்றால் அழைப்பு மணி. முழங்கைப் பக்கம் ஒரு நீள அதிர்வு, குழந்தை. இரண்டும் மாறி மாறி வந்தால் டைமர். குறும் அதிர்வுக்கு 150 மில்லிவிநாடி, நீளத்துக்கு 500, இடைவெளிக்கு 200 என்று தொடங்கலாம். மோட்டார் வேகம் பிடிக்கவே நேரம் எடுக்கும், 50 என்று வைத்தால் ஒன்றுமே தெரியாமல் போகலாம். விடாமல் அதிரவும் விடாதீர்கள். தோல் பழகி மரத்துவிடும்.

அதிர்வின் பலத்தை மட்டும் கூட்டிக் குறைத்துச் சேதி சொல்ல வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் கெல்டார்டு 1957இல் வெளியிட்ட முறையில் மார்பில் 5 அதிர்விகள், 3 கால அளவு, 3 பலம் என 45 குறிகள் இருந்தன. பயிற்சி பெற்றவர் நிமிடத்துக்கு 38 சொற்கள்வரை புரிந்துகொண்டார். அபாரமான சாதனை அது! ஆனால் அது ஆய்வகம். நடக்கும்போதும் பட்டை தளரும்போதும் பலம் மாறிவிடும். இடமும் தாளமும் அவ்வளவு எளிதில் மாறாது.

பழக்கும்போது முதலில் ஒரே ஒரு சேதி. அது யோசிக்காமலே புரிந்த பிறகு அடுத்தது. உட்காரவைத்து மட்டும் சோதிக்காமல், பாத்திரம் கழுவும்போதும் படியேறும்போதும் அனுப்பிப் பாருங்கள். குழம்பினால் அணிபவரைத் திருத்தாதீர்கள், தாளத்தை மாற்றுங்கள். தீ அலாரத்தை இந்தப் பட்டையை மட்டும் நம்பி விடவே கூடாது; தூங்கும்போது கழற்றி வைத்துவிடுவார்கள். அதற்குத் தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுக் கருவி தனியாக வேண்டும்.