பழைய ஏர் ரைபிளின் விசை (டிரிக்கர்) வழுக்குகிறதா? அரத்தை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கோலார் தங்க வயலில் வேலை பார்த்த என் தாய்மாமா, 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின் பெங்களூருக்குக் குடிவந்தபோது, பாத்திரம் பண்டங்களோடு ஒரு பழைய ஏர் ரைபிளையும் கொண்டுவந்தார். அல்சூர் வீட்டுப் பரணில் பல ஆண்டுகள் கிடந்து அது என் கைக்கு வந்தபோது, பேரலை மடக்கினால் ஸ்பிரிங் சில முறை பிடித்து நின்றது. சில முறை பிடிக்காமல் நழுவியது. விவரம் தெரியாமல் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் முனையை அரத்தால் ராவித் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் விசை வெண்ணெய் போல இருந்தது. அதன்பின் விரல் படாமலே சுடத் தொடங்கியது. புதிய கொக்கி ஒன்றைச் செய்து பொருத்தும் வரை அந்த ரைபிள் மூலையில் கிடந்தது. கொக்கியை மாற்றக் கழற்றியபோதுதான் உண்மையான கோளாறு தெரிந்தது: இறுகிப்போன பழைய எண்ணெய். அதை எடுக்க அரம் தேவையே இல்லை.

இந்த விளக்கம், பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் 4.5 மி.மீ. ரைபிள்களில், விசையும் கொக்கியும் மட்டுமே கொண்ட எளிய அமைப்புக்கு உரியது. டயானா 27 போன்ற சில ஜெர்மன் ரைபிள்களில் மூன்று எஃகுக் குண்டுகள் பிஸ்டன் தண்டைப் பிடித்து நிற்கும் வேறு அமைப்பு இருக்கிறது. முதல் முயற்சியாக அதைத் திறக்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, துளை 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேற்பட்டாலோ, முனை ஆற்றல், அதாவது குண்டு குழல் முனையை விட்டுப் பாயும் ஆற்றல், 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பரணில் கிடைத்தது 5.5 மி.மீ. ரைபிளாக இருந்தால், திருப்புளியை எடுப்பதற்கு முன் அதன் தாள்களைத் தேடுவது நல்லது.

உள்ளே நடப்பது என்ன

பேரலை மடக்கும்போது அதனோடு இணைந்த ஒரு கை, பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளி முதன்மை ஸ்பிரிங்கை அமுக்குகிறது. பிஸ்டன் போதிய தூரம் வந்ததும், சியர் எனப்படும் கொக்கி அதன் காடியில் விழுந்து மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்தால் கொக்கி விலகுகிறது, பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது, அதன் முன்னால் நெருக்கப்பட்ட காற்று பெல்லட் எனப்படும் சிறு குண்டைத் தள்ளுகிறது. ஆக, ஸ்பிரிங்கின் அத்தனை அழுத்தத்தையும் தாங்கி நிற்பது இரண்டு சிறிய எஃகு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடம்தான். பல ரைபிள்களில் இந்த முகங்கள் மேற்பரப்பில் மட்டும் கடினமாக்கப்பட்டவை. அரம் அந்த மெல்லிய தோலை உரித்துவிட்டால், அடியிலுள்ள மென்மையான இரும்பு சில நாட்களிலேயே மழுங்கிவிடும். ராவும்போது கோணம் சற்றே மாறினாலும் கொக்கி தானாக வெளியே வழுக்கும். என் ரைபிளுக்கு நேர்ந்தது இதுவே.

கழற்றுவதற்கு முன்

ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் இருக்கும் ரைபிளின் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. ஏற்றியிருந்தால், பெல்லட் ஒன்றைப் போட்டு, பாதுகாப்பான தடுப்பை நோக்கிச் சுட்டு விடுவியுங்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டால், பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கக் காற்று மெத்தை கிடைக்காமல் பிஸ்டன் முனையிலுள்ள வாஷரும் ஸ்பிரிங்கும் அடிபடும். இன்னொன்று, இது விரல் சம்பந்தப்பட்டது: வழுக்கும் கொக்கியுள்ள ரைபிளில் பேரல் மடங்கியிருக்கும்போது கொக்கி நழுவினால், பேரல் சம்மட்டி போல அடித்து மூடும். ஆகவே பெல்லட்டைப் பொருத்தும் நேரம் முழுவதும் மற்றொரு கை பேரலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி, இரண்டு மூன்று அளவுகளில் பின் பஞ்ச் (பின்களைத் தட்டி வெளியேற்றும் கோல்), சிறிய பித்தளைச் சுத்தியல், பழைய பல்துலக்கி, மண்ணெண்ணெய், உருப்பெருக்கி, தையல் மெஷின் எண்ணெய், கொஞ்சம் மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) ஆகியவை போதும். பின் பஞ்சுகளை நான் பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டின் கருவிக் கடைகளில் வாங்கினேன். கடைசிச் சோதனைக்கு ஒரு ரப்பர் சுத்தியலும் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுங்கள். பொருத்தும்போது இந்தப் படங்களை நம்பித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் எந்தக் கால் எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்பது மறுநாள் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

கழற்றுதல்

முதலில் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளை எடுங்கள்; எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்பதை ஒரு அட்டையில் குத்தி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு யாரேனும் மாற்றிப் போட்ட நீளமான திருகு ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டு கொக்கியைத் தடுப்பதுண்டு. திருகு தளர்ந்து கட்டை ஆடினாலும் விசை நிலையில்லாமல் நடந்துகொள்ளும். இங்கேயே கோளாறு தீர்ந்துவிட்டால் மேலே போக வேண்டாம்.

கட்டை விலகியதும், சிலிண்டருக்குக் கீழே விசையின் கூடு தெரியும். இப்போது ஒவ்வொரு பின்னையும் நிதானமாகப் பாருங்கள். கூட்டின் தகடுகளை மட்டும் துளைத்துச் செல்லும் பின்கள் விசையையும் கொக்கியையும் தாங்குபவை. ஏற்றப்படாத ரைபிளில் இவற்றை எடுக்கலாம். சிலிண்டர் குழாயையே ஊடுருவும் பின் அல்லது குழாயின் பின்மூடியைப் பிடித்திருக்கும் திருகு, ஏற்றாத நிலையிலும் ஓரளவு அமுங்கியிருக்கும் முதன்மை ஸ்பிரிங்கைத் தடுத்து நிற்கக்கூடும். சந்தேகமிருந்தால் அதைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் அமுக்கும் சாதனம் இல்லாமல் அதை எடுத்தால், பின்மூடி மார்பில் வந்து தாக்கும்.

எடுக்க வேண்டிய பின்னுக்குப் பொருந்தும் பஞ்சை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். ஒரு முனையில் வரிகள் வெட்டிய பின் என்றால், வழவழப்பான முனையில் தட்டி, வரியுள்ள முனை முதலில் வெளியேறும்படி செய்ய வேண்டும். கூட்டின் மேல் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டால், தெறிக்கும் சிறு ஸ்பிரிங்கைக் கட்டிலுக்கடியில் தேட வேண்டியிருக்காது.

துடைத்தல், பார்த்தல்

வேலையின் பெரும்பகுதி இதுதான், ஆகவே அவசரப்பட வேண்டாம். அடுப்பு எரியாத, காற்றோட்டமுள்ள இடத்தில் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல்துலக்கியால் தேய்த்து, துணியால் உலர்த்துங்கள். அரக்கு போல இறுகிய பழைய எண்ணெய், கொக்கி முழுதாகத் திரும்பி உட்காருவதைத் தடுக்கிறது. பாதி மட்டும் உட்கார்ந்த கொக்கிதான் வழுக்குகிறது. பின் துளைகளின் உட்புறத்தையும் குச்சியில் துணி சுற்றித் துடையுங்கள்.

அடுத்து, கொக்கியைத் திருப்பித் தள்ளும் சிறு ஸ்பிரிங். அது நசுங்கியோ துருப்பிடித்தோ இருந்தால், கம்பியின் கனம், வெளி விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை மூன்றையும் அளந்து, அதே அளவில் வேறொன்று போடுங்கள். பேனா ஸ்பிரிங்கைப் போட்டுச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். விசை மென்மையாகத்தான் தோன்றும், ஆனால் கொக்கியை அது முழுதாகத் தள்ளாது.

பிறகு, கொக்கியின் முனையை உருப்பெருக்கியில் பாருங்கள். விளிம்பு கூராகவும் முகம் சமமாகவும் இருந்தால் நல்லது. விசையும் கொக்கியும் ஒன்றையொன்று தொடும் முகங்களில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி, தற்காலிகமாகப் பொருத்தி, சில முறை அசைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால், மை எங்கே அழிந்திருக்கிறது என்பது எங்கே தொடுகிறது என்பதைக் காட்டும். ஒரு மூலையில் மட்டும் அழிந்திருந்தால், பெரும்பாலும் பின் தேய்ந்து பாகம் சாய்ந்திருக்கிறது; புதிய பின் போட்டாலே சரியாகும். முகம் சொரசொரப்பாக மட்டும் இருந்தால், தட்டையான மரக்குச்சியில் உலோகப் பாலிஷ் தடவி, கோணம் மாறாமல் லேசாகத் தேய்க்கலாம். விளிம்பு உருண்டுபோயிருந்தாலோ உடைந்திருந்தாலோ, பாகத்தை மாற்றுவது ஒன்றே வழி.

பொருத்துதல்

பின்களில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். கொக்கி முகத்தில் குண்டூசித் தலையளவு மாலி கிரீஸ். சிலிண்டருக்குள் எண்ணெய் விடவே கூடாது: நெருக்கப்படும் காற்றின் சூட்டில் அது டீசல் என்ஜினில் போலப் பற்றி வெடித்து, வாஷரையும் ஸ்பிரிங்கையும் கெடுக்கும்.

விசையையும் அதன் ஸ்பிரிங்கையும் ஒன்றாகக் கூட்டுக்குள் பிடித்துக்கொண்டு பின்னைத் தட்ட மூன்று கை வேண்டும். இதற்கு ஒரு தந்திரம்: விசையின் அகலத்துக்கு மட்டும் வெட்டிய மூங்கில் குச்சியைத் தற்காலிகப் பின்னாகச் செருகி, ஸ்பிரிங்கை அதில் நிறுத்தி உள்ளே வைத்துவிட்டு, உண்மையான பின்னைத் தட்டினால், அது குச்சியைத் தள்ளிக்கொண்டு தானே உள்ளே போய்விடும்.

சோதனை

ஏற்றாமலே விசையை இழுத்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் கொக்கி சடக்கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். சோம்பலாக வந்தால் மீண்டும் கழற்றித் துடையுங்கள். அதன்பின் கட்டையைப் பொருத்தி, பழைய துணியை நெருக்கி அடைத்த பெட்டியும் அதற்குப் பின்னால் கனமான பலகையும் வைத்து, சுவரை நோக்கி வீட்டுக்குள்ளேயே சோதியுங்கள். வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் நம் ஊரில் மொட்டை மாடி இதற்குரிய இடமல்ல.

பேரலைப் பிடித்தபடி ஏற்றி, பெல்லட் போட்டு மூடி, முனை பெட்டியை நோக்கியிருக்க, விசையைத் தொடாமல் கட்டையின் அடிப்பகுதியில் ரப்பர் சுத்தியலால் நாலைந்து முறை தட்டுங்கள். சுடாமல் நின்றால் நல்லது; பிறகு விசையை இழுத்துச் சுட்டு விடுவியுங்கள். இதைப் பத்து முறையாவது செய்யுங்கள்.

விசையின் பாரத்தை அளக்க, தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடும் முறையை நான் விரும்புவதில்லை, ஏனெனில் ஏற்றிய ரைபிளின் முனை கூரையைப் பார்க்கிறது. ரைபிளை மேசையில் மணல் பைகளுக்கிடையே படுக்கவைத்து, பயணப் பெட்டி எடைபோடும் கொக்கித் தராசை விசையில் மாட்டி நேராகப் பின்னால் இழுத்தால் போதும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் விசையின் குறைந்தபட்ச பாரம் 500 கிராம். ஆனால் அந்தத் துப்பாக்கிகளின் நுட்பம் இந்தப் பழைய கொக்கிகளுக்கு இல்லை. என் ரைபிள் துடைத்து முடித்தபின் 2 கிலோவுக்குச் சற்று மேல் காட்டியது, அப்படியே விட்டுவிட்டேன். தட்டும் சோதனையில் ஒரே ஒருமுறை வழுக்கினாலும், அந்த ரைபிளை ஏற்றாமல் வைத்துவிட்டு, கொக்கியை மாற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது அரம் வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.